அக்கா யாரையும் முறைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அக்காவின் கண்கள் முன்னே தள்ளிவந்தபோது, "ஏன் இப்படி முறைக்கிறாய்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். டாக்டரிடம் போகச் சொன்னவர் யாருமில்லை. ஒன்றரை வருடம் வீணாய்ப் போனது.

கண்குழி என்பது ஏழு எலும்புகள் சேர்ந்து அமைத்த, முன்பக்கம் அகலமாகத் திறந்திருக்கும் ஒரு கூம்பு. அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லி. அதில் விழிக்கோளம் பிடிப்பது ஏறக்குறைய 7 மில்லிதான். மிச்சமெல்லாம் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய். சுவர்கள் விரிந்துகொடுக்காது. உள்ளே எது வீங்கினாலும் கண் முன்னால்தான் வரவேண்டும்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தைராய்டு சார்ந்த நோய் எதிர்ப்புக் கோளாறுதான் காரணம். புகைபிடித்தால் இன்னும் மோசமாகும். கட்டி, ரத்தக்கசிவு போன்றவையும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சலோடு ஒரு கண் வீங்கித் துருத்தினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது; சைனஸ் கிருமி, காகிதம் போன்ற மெல்லிய எலும்பைத் தாண்டி வந்திருக்கலாம்.

பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயல்பான கண்ணில் மேல் இமை கருவிழியின் மேல்விளிம்பைக் கொஞ்சம் மூடியிருக்கும். அக்காவுக்கு அந்த இடத்தில் வெள்ளை தெரிந்தது. அப்புறம் அவளுக்குச் சிவப்பு நிறம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. பார்வை நரம்பு நசுங்கும்போது அப்படித்தான் ஆகுமாம். எங்களுக்கு அது தெரியவில்லை.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் படத்தோடு விளக்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி