வாக்கியத் திருத்த வகுப்பும் பிற வேலைகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணன் அவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன ஆண்டு நான் வாசித்த அறிக்கை நீளம் என்று பலரும் சொன்னார்கள். பணியாரம் ஆறிப்போனது என்று வீட்டிலும் சொன்னார்கள். இந்த ஆண்டு சுருக்கியே ஆகவேண்டும். ஆங்கில வாக்கியத்தில் வேண்டாத சொல்லை வெட்டச் சொல்லி ஞாயிறுதோறும் பாடம் நடத்திவிட்டு நானே வளவளவென்று எழுதினால் பின்வரிசை சும்மா விடாது.

வழக்கமான வேலைகள் நடந்தன. வாசகசாலைக்கு நாளிதழ்கள் தடையின்றி வந்தன. மழையில் ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். நனைந்த புத்தகங்களில் சில தேறின, சில தேறவில்லை. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் படிப்பார், அவர் கணக்கில் நான் கை வைப்பதில்லை.

இனி போட்டித் தேர்வுக்கான ஆங்கில வகுப்பு. சென்னையில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், பூட்டிக் கிடந்த தம் வீட்டின் முகப்பை ஞாயிறு காலையில் திறந்துவிட இசைந்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மே மாதத்திலும் உட்கார்ந்தால் குளிர்ச்சி. மின்விசிறி ஒன்றுதான். அதன் கீழே இடம் பிடிக்கத்தான் பிள்ளைகள் நேரத்துக்கு வந்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்த ஆண்டின் தொடக்கத்திலேயே செயற்குழுவில் ஒரு வாதம் எழுந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர், மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்கான பயிற்சி நூல்களை இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் பெரும்பகுதி வாக்கியத் திருத்தக் கேள்விகள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் அந்தப் பகுதியே கிடையாது. பழைய வடிவத் தேர்வும் 2024 ஜனவரி 31-ஓடு நின்றுவிட்டது. "செத்துப்போன கேள்விக்கு எதுக்குப்பா வகுப்பு?" என்று துணைத்தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நம் வகுப்பில் ஜிமேட் எழுதப்போகிறவர் யாருமே இல்லை என்று பதில் சொன்னேன். நம் பிள்ளைகள் எழுதுவது வங்கித் தேர்வும், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வும். எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள், அவற்றில் 25 ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 கழியும். வாக்கியத்தின் ஒரு பகுதியைக் காட்டித் திருத்தச் சொல்லும் கேள்வி அங்கே உயிரோடுதான் இருக்கிறது. பழைய ஜிமேட்டில் ஐந்து விடைகள், முதலாவது மூல வாக்கியம் அப்படியே. இங்கே நான்கு, அவற்றில் ஒன்று "மாற்றம் தேவையில்லை". பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இரண்டிலும் ஒன்றுதான். துணைத்தலைவர் ஒப்புக்கொண்டார், அரைமனதோடு.

அப்புறம் என் தவறு. முந்தைய ஆண்டு கரும்பலகையில் நான் எழுதிவைத்த சூத்திரம்: "சந்தேகம் வந்தால் குட்டை விடையைத் தொடு." ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் கையேட்டில் பார்த்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. படிக்கவே வேண்டாம், கண்ணால் அளந்தால் போதுமே! ஜூலையில் வைத்த மாதிரித் தேர்வில் அது எங்களைக் கவிழ்த்தது. "த பில்லர்ஸ் இன் திஸ் ஹவுஸ் ஆர் டால்லர் தேன் தட் ஹவுஸ்" என்று ஒரு வாக்கியம் கொடுத்திருந்தேன். "தேன் தோஸ் இன் தட் ஹவுஸ்" என்ற சரியான விடை நீளமாக இருந்ததால் அதை ஒருவரும் தொடவில்லை. தூணைத் தூணோடு ஒப்பிட வேண்டும். வீட்டோடு ஒப்பிட்டால் ஆங்கிலத் தேர்வு ஏற்காது. நாமோ "இந்த வீட்டுத் தூண் அந்த வீட்டைவிட உயரம்" என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், கேட்கிறவருக்கும் புரிந்துவிடுகிறது. அதனால் பிழை யார் காதிலும் விழவில்லை.

அன்றே பலகையை அழித்தேன். தமிழாசிரியராக ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஐயா அப்போது ஒன்று சொன்னார். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் "மிகைபடக் கூறல்" இரண்டாவதுதான், அதற்கும் முன்னால் நிற்பது "குன்றக் கூறல்", அதாவது வேண்டியதை விட்டுக் குறைத்துச் சொல்வது. பள்ளியில் நானும் அதை ஒப்பித்தவன்தான். ஆங்கிலத்துக்கு உதவும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு வரிசையில் வருபவை எல்லாம் ஒரே வடிவில் நிற்க வேண்டும் என்பதுதான் பாரலலிசம். அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் மிரண்டார்கள். அந்தப் பயத்தைத் தீர்த்தவர் பொருளாளர் அண்ணன். சாவி கொடுக்க வந்தவர் நின்று கேட்டுவிட்டு, "பேரேட்டில் ஒரு பத்தி முழுக்க ரூபாயாக எழுதிக்கிட்டு வந்து, நடுவில் மூணு மூட்டை அரிசின்னு எழுதினா கூட்டிப் போட முடியுமா தம்பி?" என்றார். "ஷி லைக்ஸ் ரீடிங், ரைட்டிங் அண்ட் டு ஸ்விம்" என்று எழுதி, இதில் மூட்டை எது என்று கேட்டேன். "டு ஸ்விம்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். அதுமுதல் எங்கள் வகுப்பில் பாரலலிசப் பிழைக்குப் பெயர் மூட்டை. "ஹி நாட் ஒன்லி சோல்ட் ரைஸ் பட் ஆல்ஸோ சால்ட்" என்பதிலும் கண்டுபிடித்தார்கள். நாட் ஒன்லிக்குப் பின்னால் வினை நிற்கிறது, பட் ஆல்ஸோவுக்குப் பின்னால் வெறும் உப்பு. "சோல்ட்" என்பதை நாட் ஒன்லிக்கு முன்னால் நகர்த்தினால் தராசு நேராகிவிடும்.

ஆனால் அடுத்தவர் வாக்கியத்தில் மூட்டையைப் பிடித்த அதே பிள்ளைகள், தாங்களே எழுதும்போது மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். "அவர் கடையைத் திறந்து, கணக்கு எழுதி, பூட்டினார்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். "ஹி ஓப்பனிங் த ஷாப், ரைட்டிங் த அக்கவுண்ட்ஸ் அண்ட் லாக்ட் இட்" என்று பலரும் எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் இதையே யோசித்தேன். தமிழில் கடைசி வினை ஒன்றுதான் முற்று. திறந்து, எழுதி எல்லாம் எச்சம். அந்தப் பழக்கத்தில் "திறந்து" என்றதும் கை "ஓப்பனிங்" என்று எழுதுகிறது. ஆங்கிலத்திலோ ஓப்பன்ட், ரோட், லாக்ட் என்று மூன்றும் முற்றாகவே வரிசையில் நிற்க வேண்டும். ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழை என்று நினைத்திருந்தேன். தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வந்த பிழை அது. இப்போது வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லவைத்து, எச்சங்களை எண்ணவைத்து, பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போகிறோம். மெதுவான வழிதான். குட்டை விடைச் சூத்திரத்தைவிட நம்பகமானது.

இதையும் ஒரு மாணவி மடக்கினாள். "ஷி லாக்ட் த ஷாப், லீவிங் த லைட் ஆன்: இதில் லீவிங் மூட்டையா சார்?" மூட்டை இல்லை. அது பட்டியலில் ஒரு வரி இல்லை, பூட்டியதோடு ஒட்டி நடந்தது. "அண்ட்" போட்டு வரிசையில் நிறுத்தியிருந்தால்தான் "லெஃப்ட்" என்று மாற வேண்டும். இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு அடுத்த ஞாயிறு வரை அவகாசம் தேவைப்பட்டது.

சொல் மிகுதிக்குப் பாடம் நடத்தவே வேண்டியிருக்கவில்லை. ரிட்டர்ன் பேக், ரீசன் இஸ் பிகாஸ் போன்றவற்றைச் சொல்லிவிட்டு, தெருவில் கேட்கும் தமிழ் மிகுதிகளை ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். "நடு சென்டர்", "ரிவர்ஸ்ல பின்னாடி வா" எல்லாம் வந்தன. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான ஏ.சி.டி. தேர்வில், கோடிட்ட சொற்களை அடியோடு நீக்கு என்பதே ஒரு விடையாக வருவதுண்டு என்றதும் ஒரு பையன் எழுந்து நம் சங்கத்தின் அழைப்பிதழை நீட்டினான். "வருடாந்திர ஆண்டு விழா" என்று அச்சாகியிருந்தது. எழுதியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஆண்டு அழைப்பிதழில் ஒரு சொல் குறைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பங்குனியில் கம்பன் விழாவுக்காக வகுப்புக்கு விடுமுறை விட்டோம். மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில். வகுப்பு வைத்திருந்தாலும் ஆசிரியர் வந்திருக்க மாட்டார்.

பிள்ளைகளின் தேர்வு முடிவுகள் வந்தபின் தனியாகத் தெரிவிக்கிறேன். வரும் ஆண்டுக்கு இன்னொரு மின்விசிறி வேண்டும், ஒரு பெரிய பலகை வேண்டும். ஜிமேட் பெட்டிகள் இரண்டும் இன்னும் முகப்பில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. நமக்குப் பயன்படும் கேள்விகளை அவற்றிலிருந்து பிரித்தெடுக்க ஒரு ஞாயிறு மாலைக்கு இரண்டு பேர் போதும். வரக்கூடியவர்கள் பணியாரம் பரிமாறும்போது என்னிடம் பெயர் கொடுக்கலாம். இன்னும் ஆறவில்லை.

செயலாளர்
காரைக்குடி