திறப்பு யாரிடம் இருக்கிறது?

திருகோணமலையில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான உள்ளூராட்சி சபையினருக்கும் சுகாதாரப் பணிமனையினருக்கும்,

வணக்கம். எங்கள் ஒழுங்கை முடிவில் பூட்டிக் கிடக்கும் அரச கட்டடத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாரி மழைக்கு முன்பே, புரட்டாதியில், அயலவர் எல்லோரும் கையெழுத்திட்டுத் தந்த கடிதம் உங்கள் கோப்பில் இருக்கும். அந்த வளவுக்குள் மூடி உடைந்து கிடக்கும் சீமெந்துத் தொட்டி இப்போது விளிம்பு வரை நிறைந்திருக்கிறது.

சென்ற வாரம் என் எட்டு வயது மகன் டெங்குவோடு வைத்தியசாலையில் கிடந்தான். இந்த ஒழுங்கையில் அவன் மூன்றாவது பிள்ளை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் பத்திரகாளி அம்மனை நினைத்துக் கும்பிட்டேன். தாதி அப்போதுதான் ஒரு தாளைக் கையில் தந்தார். காய்ச்சல் விடும் வேளையில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், இனிவரும் ஓரிரு நாட்கள்தான் கவனம் என்றார். குடித்தது ஒரு பக்கம், கழித்தது மறுபக்கம், மில்லிலீற்றரில் எழுத வேண்டும். செவ்விளநீர் 50. ஜீவனி உப்புக் கரைசல் 30. கஞ்சி இரண்டு வாய்; அதை எப்படி அளப்பதென்று தெரியாமல் கரண்டிக் கணக்கு எழுதினேன். இரவு இரண்டு மணிக்குக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் குவளையை உயர்த்திப் பிடித்துக் கோட்டைத் தேடினேன். சிறுநீர் குறைந்துபோன அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எதிரே இலக்கத்தை எழுதக் கை வரவில்லை.

பிள்ளை வீடு திரும்பிய மறுநாளே உங்கள் உத்தியோகத்தர் வந்துவிட்டார். அந்தச் சுறுசுறுப்புக்கு நன்றி. பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்த்து, கோடியில் கிடந்த ஒரு சிரட்டைக்காக எச்சரிக்கை எழுதினார். சிரட்டை என் பிழைதான். ஆனால் குசினி யன்னலால் தொட்டியைக் காட்டியபோது, "அது எங்கள் பொறுப்பில் இல்லை, அம்மா. திறப்பும் எங்களிடம் இல்லை" என்றார். சபையில் கேட்டால் திறப்பு சுகாதாரப் பக்கம் என்கிறார்கள். நுளம்புக்குத்தான் திறப்புத் தேவைப்படவில்லை.

நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காணியின் உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. என் சிரட்டைக்கு நான் உரிமையாளர். அந்தத் தொட்டிக்கு யார்?

புகை அடித்தோமே என்பீர்கள். புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தும் சாகாது. மழைத் தண்ணீர் பட்டால் பொரித்து, ஏழு முதல் பத்து நாட்களில் நுளம்பாகிவிடும். சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்குப் படலையைத் திறக்க வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு என்று பதிவான வருடம், எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயிர்கள் போன பிறகு எல்லாப் படலைகளும் திறந்தன.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் பீப்பாயில் பிடித்து வைக்கிறோம், அதற்கும் எச்சரிக்கை. விழிப்புணர்வு ஊர்வலம் போனால் தொப்பியும் படமும். ஊர்வலம் அந்தப் பூட்டிய படலைக்கு முன்னால்தான் திரும்பியது. ஒருவரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: படலையைத் திறந்து விடுங்கள். வருகிற ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் போதும். ஏணியும் தேய்க்கும் தூரிகையும் எங்களிடம் இருக்கின்றன. தொட்டி வாயை மூட வலைக்கும் காசு சேர்த்துவிட்டோம். உங்களில் யாராவது ஒருவர் தயவுசெய்து திறப்போடு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து ஒரு தாய்