பை ஜிப்பில் வைத்த அட்டை

கண்ணு,

வீட்டில் எல்லாரும் சுகம். சித்தி வீட்டுப் பால்காய்ச்சு நல்லபடியாக முடிந்தது. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று நாளாக, எப்போது கூப்பிட்டாலும் 'தூங்கிட்டேன்மா' என்கிறாய். சாயங்காலம் ஆறு மணிக்குத் தூங்குகிற பிள்ளையா நீ? கேட்டால் எரிந்து விழுவாய். அதனால் பொதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

ஹாஸ்டலில் யாருக்காவது மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் டைபாய்டா என்று பார்க்க வேண்டும். முதல் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனை. மாத்திரை உள்ளே போய்விட்டால் டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா பாட்டிலில் வளராமல் போகலாம். ரிப்போர்ட்டில் 'நோ குரோத்' என்று வரும், நோயே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். ரத்தம் 8 முதல் 10 மில்லி வேண்டும். ஒரு மில்லியில் ஒரு கிருமி இருந்தாலே அதிகம், 2 மில்லியில் எதைப் பிடிப்பது? வைடால் என்கிற ரத்தப் பரிசோதனை மட்டும் போதும் என்றால் தலையாட்டாதே. பழைய தொற்றுக்கும் வேறு காய்ச்சலுக்கும்கூட அது பாசிட்டிவ் காட்டும். நிஜ டைபாய்டுக்கு முதல் வாரத்தில் நெகட்டிவும் காட்டும். மறுபடி சொல்கிறேன், மாத்திரைக்கு முன்னால் ரத்தம்.

மயோனைஸால் வருகிற சால்மோனெல்லா வேறு வகை. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு நம் தமிழ்நாட்டு அரசு ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை. திடமான உடம்புக்கு அந்தப் பேதி பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே அடங்கும். பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் அல்ல.

டைபாய்டு அப்படி விடாது. 1972லேயே கோழிக்கோட்டில் குளோராம்பெனிக்கால் என்கிற ஆன்டிபயாடிக் அதனிடம் தோற்றது. இப்போது இந்தியாவில் சிப்ரோ (சிப்ரோஃப்ளோக்சசின்) மாத்திரையும் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்த மருந்து போய் ஒட்ட வேண்டிய, கிருமிக்குள் இருக்கிற கைரேஸ் என்சைமையே கிருமி மாற்றிக்கொண்டுவிட்டது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாய்டுக்குச் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் பலிக்கவில்லை, வாய்வழி மருந்தில் அசித்ரோமைசின்தான் மிச்சம். அதையும் ஜலதோஷத்துக்கெல்லாம் விழுங்குகிறார்கள் உன் சிநேகிதர்கள். சரியான மருந்துக்கே காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகும். இறங்கியதும் நிறுத்தக் கூடாது.

ஹால் டிக்கெட்டை நாலு தடவை சரிபார்க்கிற பிள்ளை நீ. உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

உன்னைச் சொல்லி என்ன? ஜூனில் பையின் சைடு ஜிப்பில் சிப்ரோ மாத்திரை அட்டை வைத்தது நான்தான். லேப் தட்டில் சிப்ரோ வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து நிற்பதை, அதாவது மருந்து கேட்காததை, கண்ணால் பார்க்கிற நானே வைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்ற பயம். தப்பு என்னுடையது. பிரித்திருந்தால் சொல், திட்ட மாட்டேன். என்றைக்கு எத்தனை போட்டாய் என்று எழுதி டாக்டரிடம் காட்டு. அப்போதும் கல்ச்சர் எடுக்கச் சொல். வயிறு திடீரென்று வலித்தாலோ மலம் கறுத்தாலோ எனக்குப் போன் போடாதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, எவ்வளவு என்று மட்டும் அனுப்பு.

அம்மா