வைத்தியரும் விதிக்குள்தான்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். பேத்தி கல்லூரியில் இயற்பியல் எடுத்திருக்கிறாள்; வீட்டில் நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேச ஓர் ஆள் வந்துவிட்டது.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாகவும், மருத்துவர் வற்புறுத்தியும் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பார்வை போக வேண்டும் என்றிருந்தால் அறுத்தாலும் போகும், இருக்க வேண்டும் என்றிருந்தால் அறுக்காமலும் இருக்கும் என்று அதற்கு நியாயம் சொல்லி, 'ஊழிற் பெருவலி யாவுள' என்ற குறளையும் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அதே வள்ளுவர் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்றதை நான் பதிலுக்கு எடுத்து வைக்கலாம். அது பட்டிமன்ற வேலை, நமக்கு வேண்டாம்.

உங்கள் வாதத்துக்குப் பண்டைக் கிரேக்கர்கள் 'சோம்பேறி வாதம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கும் நோயாளியும் வைத்தியரும்தான் உதாரணம். அதற்கு மறுமொழி சொன்னவரோ விதியை முழுமையாக நம்பியவர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளிக்குத் தலைமை தாங்கிய கிறிசிப்பஸ், உலகில் எதுவும் விதிக்கு வெளியே இல்லை என்றார். ஆனால் மல்லன் மைலோ ஒலிம்பியாவில் மற்போர் புரிவான் என்பது விதியானால், எதிராளி இல்லாமலும் புரிவானா என்று கேட்டார். எதிராளியும் சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கிறான். நோய் தீர்வது விதியானால், வைத்தியரை அழைப்பதும் அதனுடனேயே விதிக்கப்பட்டிருக்கும். முடிவை மட்டும் எழுதிவைத்துவிட்டு, அதற்குக் கொண்டுசேர்க்கும் செயல்களை விட்டுவிடும் விதியை நினைத்துப் பார்க்கவே எனக்கு இயலவில்லை.

கடிதத்தின் பிற்பகுதியில் நீங்கள் எதிர்க்கரைக்கே தாவிவிட்டீர்கள். குவாண்டம் இயற்பியல் தற்செயலுக்கு இடம் தருவதால் மனிதனின் சுதந்திரத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது என்கிறீர்கள். பண்டைக் கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்யூரஸின் வழியும் ஏறக்குறைய இதுதான்: அணுக்கள் காரணமின்றிச் சற்றே வழி விலகுகின்றன என்று சொல்லி விதியின் சங்கிலியை அறுக்கப் பார்த்தது அவருடைய மரபு. ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ அதை எள்ளி நகையாடினார். பேத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு கணக்குச் சொன்னாள். நம் உடலிலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் கொண்டது. வளர்ந்த ஒருவரின் உடலில் அதனால் நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. எந்த அணு எந்த நொடியில் சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் பாதி சிதைய ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள் ஆகும் என்ற கணக்கு மட்டும் பிசகுவதில்லை. தற்செயலும் கட்டாயமும் இப்படி ஒரே பொருளில் கைகோத்திருப்பது என்னை வியக்க வைக்கிறது. என்றாலும் இதில் என் தேர்வு எங்கே இருக்கிறது? அந்த 4,000 அணுக்களில் ஒன்றுகூட என்னைக் கேட்டுச் சிதையவில்லை. தற்செயல்தான் சுதந்திரம் என்றால் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் இருக்கிறது. அதையும் சுதந்திரப் பிறவி என்றுதான் கொண்டாட வேண்டும்.

ஆகவே, காரணங்கள் அற்றுப்போகும் இடத்தில் தேர்வைத் தேடிப் பயனில்லை. காரணங்கள் என்னைக் கடந்து போகும்போது எந்த வடிவம் பெறுகின்றன என்றே பார்க்க வேண்டும். உருளையைத் தள்ளியவர் தொடக்கத்தை மட்டுமே தருகிறார், அது உருள்வது தன் வடிவத்தால் என்று கிறிசிப்பஸ் சொன்னதும் இதைத்தான். அந்த வடிவத்தைக் கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். பிறப்பும் வளர்ப்பும்தான், இந்த இடத்தில் அவருடைய விடை எனக்கும் போதவில்லை. ஆனால் உருளை தன் வடிவத்தைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதுவதில்லை. பிறர் சொன்ன நியாயத்தைக் கேட்டு மனம் மாறுவதும் இல்லை. நமக்கு இரண்டும் முடிகிறது. நான் எழுதும் இக்கடிதமும் உங்களைத் தள்ளும் காரணங்களில் ஒன்றாக இருக்கட்டும்.

மருத்துவர் நாள் குறித்ததும் எழுதுங்கள். முதல் நாளே வந்துவிடுகிறேன். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

அன்புடன்,
தங்கள் நண்பன்