‘யார் குடித்தாலும்’

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், ‘போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு கப் ஸ்ட்ராங் காபி யார் குடித்தாலும் வேகம் கூடும்’ என்று ஒரு வரி வந்திருந்தது. முப்பத்தோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை. வேறு எதிலாவது படித்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

புதன்கிழமை எங்கள் குறுவட்டப் போட்டி. ஓய்வுபெற்ற பிறகும் நேரம் குறிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். 1500 மீட்டர் ஓட வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எண் எழுதிய துணியை ஊக்கால் சட்டையில் குத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை ஊக்கு நழுவி மண்ணில் விழுந்தது. விரல்கள் அப்படி நடுங்கின. கடைசியில் நான்தான் வாங்கிக் குத்திவிட்டேன். இரண்டாவது சுற்றில் தடத்தை விட்டு விலகிப் புல்லில் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். அப்பா பிளாஸ்கும் கையுமாக ஓடி வந்தார். கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷனில் இரண்டு டம்ளர் கொடுத்தாராம். வீட்டில் அவள் குடிப்பது பால்தான். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, சட்டைப்பையிலிருந்து தங்கள் பத்திரிகை நறுக்கை எடுத்து நீட்டினார். நான்காக மடித்து வைத்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

காபியில் இருக்கும் கஃபீன் வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. காபிக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கு அது அனுபவத்திலேயே தெரியும். ஆனால் உள்ளே போன கஃபீனைக் கல்லீரல் உடைத்தாக வேண்டும். அந்த வேலைக்கான சி.ஒய்.பி.1ஏ2 என்ற மரபணு ஆளுக்கு ஆள் மாறுகிறது. தங்கள் கட்டுரையே 2018இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனையைச் சொல்கிறது. 101 பேர் 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார்கள். எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் கஃபீன் எடுத்தபோது, அதை வேகமாக உடைக்கும் வகையினர் 6.8 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். இது தங்கள் கட்டுரையில் இருக்கிறது. மெதுவாக உடைக்கும் வகையினருக்கு 13.7 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. இது இல்லை. இடைப்பட்ட வகையினருக்குப் பலனே இல்லை. இதுவும் இல்லை. அந்த 101 பேரும் போட்டிகளில் பழகிய ஆண்கள் என்பதும், பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை என்பதும் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. அப்படியிருக்க, ‘யார் குடித்தாலும்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

2004இல் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து கஃபீனை எடுத்துவிட்டார்கள், ஆகவே பயமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அதை இன்றும் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. தடை நீங்கியதாலேயே நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள சிறுமிக்கு அது ஏற்றதாகிவிடாது. ‘இரண்டு கப்’ என்பது எத்தனை கிலோ ஆளுக்கு, எந்த டிகாக்‌ஷனில் என்று கேட்க ஆசிரியர் குழுவில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், எச்சிலைச் சோதித்தால் குழந்தைக்கு எந்த விளையாட்டு வரும் என்று தெரிந்துவிடும் என எழுதினீர்கள். ஓட்டக்காரருக்கென்று ஒரு மரபணு, ஏ.சி.டி.என்.3 என்று பெயர்கூடப் போட்டிருந்தீர்கள். அப்படிப்பட்ட சோதனைகளைக் கொண்டு திறமையைத் தேடக் கூடாது என்று விளையாட்டு மருத்துவ அறிஞர்கள் 2015லேயே கூட்டாக அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். தங்கள் கட்டுரையைப் படித்த ஒரு தாய், நீளம் தாண்டுதலில் நன்றாக வந்துகொண்டிருந்த மகனை நிறுத்திவிட்டார். அப்போதும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு வருகிறார்கள். பணியில் இருந்த காலத்தில் நான் பையில் வாழைப்பழமும் கடலை உருண்டையும் எடுத்துப் போவது வழக்கம். அவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பத்தி வந்து நான் பார்த்ததில்லை. கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம் போக மிஞ்சும் இடத்தில் இந்தக் காபிக் கட்டுரைக்கு மட்டும் படத்தோடு இடம் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது மூன்று வரித் திருத்தம்தான். கஃபீன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. போட்டி நாளன்று முதன்முறையாகக் குடித்துப் பார்க்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். அதே விளையாட்டுப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். வியாழக்கிழமைக்குள் வந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு 3000 மீட்டர் இருக்கிறது. நான் சொன்னதை அவளுடைய அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த நறுக்கைத் திரும்ப மடித்துப் பையில்தான் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கும்பகோணம்.