பாதி வாடகை வாங்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் கண்தான் காரணம். புரை எடுத்து, புதுக் கண்ணாடி கைக்கு வரும்வரை எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இப்போது பரவாயில்லை. உன் மூன்று பக்கத்தில் முழங்கால் வலிக்கு நாலு வரி, பேத்தி பாட்டுக் கற்றுக்கொள்வதற்கு ஆறு வரி, மீதி முழுக்க மாடியில் குடியிருப்பவர் தராத வாடகை. எது உன்னைத் தூங்கவிடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"ஒன்றுமே தராவிட்டால் சண்டையாவது போடலாம், இவர் மாதாமாதம் கொஞ்சம் கொடுத்துவிடுகிறாரே" என்று எழுதியிருந்தாய். அதேதான். கையில் கொஞ்சம் பணம் விழுந்ததும் நமக்கு வாய் அடைத்துப்போகிறது.

எனக்கும் இது நடந்தது, உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டை வாடகைக்கு விட்டிருந்தேனே, அந்த மனிதர் தங்கமானவர். ஐந்தாம் தேதி மாலை உறையோடு வந்து நிற்பார். "மீதியை இருபதுக்குள்ள தந்துடறேன் சார்" என்பார். அவர் முன்னால் எண்ணிப் பார்ப்பது மரியாதையில்லை என்று உறையை அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன். இருபதாம் தேதி வரும், போகும். ஒவ்வொரு உறையிலும் பத்துப் பங்கில் ஏழு பங்குதான் இருந்தது. மூன்று பங்கு என்ன பெரிய தொகை என்று விட்டேன். பத்து மாதம் கழித்து ஒருநாள் உட்கார்ந்து கூட்டினால் மூன்று மாத முழு வாடகை நிற்கிறது! கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க ஒண்ணுமே சொல்லாம வாங்கிக்கிட்டீங்களே சார், குறைச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் பாதியாவது நம்பித்தான் சொன்னார். என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கடைசியில் பாக்கியில் பாதியை விட்டுக்கொடுத்து முடித்தேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே அறையில் இருந்தோமே, அந்த வீட்டு அம்மாவை நினைத்துப் பார். உனக்குச் சம்பளம் தாமதமான இரண்டு மாதம் பாதி வாடகைதான் கொடுத்தோம். அந்த அம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நீள நோட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு, "இந்த மாத வாடகையில் பாதி பெற்றேன், பாதி பாக்கி" என்று நம் கண்ணெதிரே எழுதி, நம் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போது நீ அவரை "கலெக்டர்" என்று சொல்லிச் சிரித்தாய். ஆனால் மூன்றாம் மாதம் பாக்கியை முதலில் கொடுத்துவிட்டுத்தான் நீ செருப்பே வாங்கினாய். அந்த நோட்டு இல்லாவிட்டால் கொடுத்திருப்போமா, சொல்.

ஆகவே என் பேச்சு ஒன்றுதான். குறைத்துக் கொடுத்தால் வாங்கு, ஆனால் பேசாமல் வாங்காதே. ரசீதில் மூன்று விஷயம் வரட்டும்: எவ்வளவு வந்தது, எந்த மாதத்துக்கு வரவு, இன்னும் எவ்வளவு பாக்கி. வங்கி வழியாக அவர் பாட்டுக்குப் போட்டுவிடுகிறார் என்றால் அன்றைக்கே போனில் இதே மூன்றையும் செய்தியாக அனுப்பு. அவர் "சரி" என்று ஒரு சொல் பதில் போட்டாலும் அது உன் நோட்டில் விழுந்த கையெழுத்து மாதிரி.

எந்த மாதத்துக்கு வரவு வைப்பது என்பதைச் சும்மா சொல்லவில்லை. என் கதையையே எடுத்துக்கொள். வந்த ஒவ்வொரு தொகையையும் பழைய பாக்கிக்கு முதலில் கழித்திருந்தால், பத்து மாதத்தில் ஏழு மாதம் சுத்தமாக அடைந்திருக்கும், கடைசி மூன்று மாதம் முழுசாக நின்றிருக்கும். நான் விட்ட விதத்தில் பத்து மாதத்தில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஓட்டை. தொகை ஒன்றுதான். ஆனால் பழைய பாக்கியைக் கேட்டு வழக்குப் போட அநேகமாக எல்லா நாட்டிலும் காலக்கெடு உண்டு, பழையதுதான் முதலில் கைநழுவும். இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 என்று மூன்று பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. கொடுப்பவர் "இது இன்ன கடனுக்கு" என்று சொல்லிக் கொடுத்து நீ வாங்கிக்கொண்டால் அதற்குத்தான் கழிக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீ தீர்மானிக்கலாம். இரண்டு பேரும் சும்மா இருந்தால் பழையதிலிருந்து வரிசையாகக் கழியும். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் கணக்கு.

குறைத்து வாங்கியதாலேயே மீதி தள்ளுபடி ஆகிவிடாது என்பது பொதுவான நிலை. "இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று நீயே சொல்லிவிட்டால் அது வேறு கதை. இங்கிலாந்தில் ஹை ட்ரீஸ் வழக்கு என்று ஒன்று, 1947இல் வெளியான தீர்ப்பு, சட்டம் படிக்கும் பிள்ளைகளெல்லாம் படிப்பது. போர்க்காலத்தில் அடுக்குமாடியில் ஆளே வரவில்லை என்று 1940இல் கட்டடத்துக்காரர்கள் குத்தகையைப் பாதியாகக் குறைத்து எழுத்தில் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. 1945இல் வீடுகள் நிரம்பின, வழக்கு வந்தது. நிரம்பிய பிறகு முழுத் தொகை கேட்கலாம் என்று நீதிபதி டென்னிங் சொன்னார். ஆனால் போர் ஆண்டுகளுக்குக் குறைத்ததைத் திரும்பக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்றும் சொல்லிவைத்தார். இரக்கப்பட்டுக் குறைத்தால் இன்ன மாதம் வரைதான் என்று எழுதிக் கொடு. வருத்தப்பட மாட்டார், நிம்மதிதான் படுவார்.

உன் கடிதத்தில் எங்குமே இல்லாத ஒரு விஷயம்: அவர் ஏன் குறைத்துக் கொடுக்கிறார்? கேட்டாயா? சம்பளம் பத்தாம் தேதி வருகிறவரிடம் ஒன்றாம் தேதி வாடகை கேட்டால் பாதிதான் இருக்கும். தேதியை மாற்றினால் தீர்ந்தது. வேலை போயிருந்தால் வேறு பேச்சு. மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒருவன் போய்விட்டு மற்ற இருவர் "எங்க பங்கு இதுதான்" என்கிறார்களா? அப்படியானால் ஒப்பந்தத்தில் மூவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்குப் பொறுப்பு என்று இருக்கிறதா பார். கோபித்துக்கொள்ளாதே, இன்னொன்றும் உண்டு. போன வருடக் கடிதத்தில் மாடிக் குளியலறையில் நீர் கசிகிறது, ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். கிடைத்தாரா? அதற்காகத்தான் பிடித்து வைக்கிறார் என்றால் நோட்டீசுக்கு முன்னால் கொத்தனாரைப் பார்.

உண்மையிலேயே பண முடை என்றால் தவணை போட்டுக் கொடுக்கலாம். அதிலும் நான் ஒருமுறை ஏமாந்தேன். அந்த மனிதரிடம் "மாதம் முழு வாடகை, அதோடு வாடகையில் கால் பங்கு பாக்கிக்கு, ஒரு வருடத்தில் முடியும்" என்று எழுதி வாங்கினேன். கணக்கு அழகாக இருந்தது. முழு வாடகையே தர முடியாமல் பத்துக்கு ஏழு பங்கு தருகிறவர் பன்னிரண்டரைப் பங்கு எங்கிருந்து தருவார்? இரண்டாம் மாதமே நின்றுபோயிற்று. அவர் வரவு என்ன, செலவு என்ன என்று கேட்டுப் பார்த்து, முடிகிற தொகையை மட்டும் எழுத்தில் வை. முடியவே முடியாது என்று தெரிந்தால் அந்த வீடு அவருக்குத் தாங்காது. அதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்வது நல்லது.

அப்புறம் நோட்டீஸ். வாடகை பாக்கி, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் அவர் கொடுக்கிற பாதியை வழக்கம்போல வாங்கிப் பையில் போட்டால், பல இடங்களில் அந்த நோட்டீஸ் வீண். வாடகை வாங்கினாயே, இருக்கச் சொன்னதாகத்தானே அர்த்தம் என்று கேட்பார்கள். இது ஊருக்கு ஊர் மாறும். அதனால் நோட்டீஸ் போன பிறகு ஒரு பைசா வாங்குவதற்கு முன்னால் வக்கீலைக் கேள். "என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கலாம் என்பார், அல்லது வாங்கவே வேண்டாம் என்பார். அவர் சொல்கிறபடி செய்.

கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவிடாதே. அவர் வெளியே போன நேரம் பார்த்து வேறு பூட்டுப் போடுகிற யோசனையும் வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் அது சட்டப்படி தப்பு. பாக்கிக்காரர் அவர், குற்றவாளி நீ என்று ஆகிவிடும். "அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பதற்கும் சுலபமாகத் தலையாட்டாதே. அது தீர்ந்துபோனால், நாளைக்கு உடைந்த ஜன்னலுக்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் உன் கையில் ஒன்றும் இருக்காது.

நான் கடைசியில் பாக்கியில் பாதியை விட்டேன் என்று எழுதினேன் அல்லவா? அதைத் தோல்வி என்று என் பையன் இன்றைக்கும் கேலி செய்கிறான். மாதக் கடைசியில் வீட்டைச் சுத்தமாகக் காலி செய்து சாவி கொடுத்தால் பாதி தள்ளுபடி, மீதியை இரண்டு தவணையில் தர வேண்டும் என்று இந்த முறை தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்பே சாவி வந்தது. வழக்கு என்று போயிருந்தால் வக்கீலுக்கே அவ்வளவு ஆகியிருக்கும், வீடும் அதுவரை அவரிடமே இருந்திருக்கும். போகும்போது தரையைக் கழுவிவிட்டுப் போனார்.

உன்னுடையது அந்த அளவுக்குப் போகவில்லை. நீ எழுதியபடி நாலு மாதம்தான் ஆகிறது. இந்த ஞாயிறு மேலே போய், எழுந்து வரும் அவசரம் இல்லாமல் உட்கார்ந்து பேசு. நாலு மாதக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. அவர் போட்ட தொகைகளைத் தேதியோடு எழுது, கூட்டலை இரண்டு தடவை பார். உன் கூட்டல் எனக்குத் தெரியும்.

என்ன சொன்னார் என்று எழுது. முழங்காலுக்கு அந்த எண்ணெய் கேட்டதா என்பதையும் எழுது. பேத்தி பாடியதைப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்றாயே, அதுவும் இன்னும் பாக்கிதான்.

உன் பழைய அறைத்தோழன்