மென்பொருள் இலவசம், கட்டணம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் படிப்பு முடிகிற நேரம் வந்துவிட்டால் போதும், கேம், அனிமேஷன் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள் வரிசை கட்டி வரத் தொடங்கிவிடுகின்றன. துறையில் வேலை உண்டு, நானும் அதில்தான் பிழைக்கிறேன். என் கவலையெல்லாம் அந்த விளம்பரங்கள் எதைக் கல்வி என்று விற்கின்றன என்பதைப் பற்றித்தான். மாயா, பிளெண்டர், யூனிட்டி, அன்ரியல் என்று மென்பொருள் பெயர்களை அடுக்குவார்கள், கீழே சான்றிதழ், அதற்கும் கீழே நூறு சதவீத வேலை உறுதி. அதை நம்பித்தான் பெற்றோர் கடன் வாங்கியாவது பணம் கட்டுகிறார்கள்.

வேலை கேட்டு வருபவர்களின் டெமோ ரீல்களை, அதாவது தாங்கள் செய்ததைத் தொகுத்துக் காட்டும் சிறு வீடியோக்களை, பார்ப்பது என் பணியில் ஒரு பகுதி. சான்றிதழைப் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ரீலின் முதல் அரை நிமிடத்திலேயே பாதி முடிவு ஆகிவிடும். ஒரே நிலையத்தில் படித்த பலர் ஒரே கதாபாத்திரத்தை, ஒரே ஒளியமைப்பில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பாடத்தைப் பின்பற்றிச் செய்து அனுப்பியிருப்பார்கள். கதாபாத்திரம் நடக்கும், ஆனால் உடம்பில் எடையே இருக்காது. அடி எடுத்து வைக்கும்போது எடை எந்தக் காலுக்கு மாறுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, தோள் ஏன் அதற்கு எதிராகத் திரும்புகிறது என்றெல்லாம் அவர்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை. மென்பொருளில் கீ (அசைவின் முக்கிய நிலையைக் குறித்து வைப்பது) எப்படிப் போடுவது என்று தெரியும், அதை ஏன் அந்த ஃபிரேமில் (அசைவின் ஒரு தனிப் படத்தில்) போட வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. பிள்ளைகளிடம் திறமை இருப்பது பல ரீல்களில் தெரியத்தான் செய்கிறது, அதனால்தான் கோபமும் வருகிறது.

சினிமா அனிமேஷனில் வினாடிக்கு 24 ஃபிரேம். மேலிருந்து விழும் பந்தை வரையும்போது, உச்சியில் படங்கள் நெருக்கமாகவும் கீழே வர வர விலகியும் அமைய வேண்டும். அந்த இடைவெளியையும் பந்து எவ்வளவு எழும்புகிறது என்பதையும் மாற்றினால் அதே வட்டம் ஒரு முறை ரப்பர் பந்தாகவும் இன்னொரு முறை இரும்புக் குண்டாகவும் தெரியும். இதைக் கற்க ஒரு கட்டுத் தாளும் பென்சிலும் போதும். டிஸ்னியில் வேலை செய்த பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் 12 கோட்பாடுகளாகத் தொகுத்துக் கொடுத்ததில் இதுவும் அடக்கம். கையால் வரைந்த காலத்தில் உருவான அந்தக் கோட்பாடுகள் கணினிக்கு வந்த பிறகும் மாறவில்லை.

மென்பொருள்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களில் கோலோச்சிய முப்பரிமாண மென்பொருளான சாஃப்ட்இமேஜுக்கு 2015 பதிப்பே கடைசி என்று ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2014இல் அறிவித்தது. இணையத்தில் அனிமேஷனையும் விளையாட்டையும் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரை அடோபி 2020 முடிவோடு நிறுத்தியது. எஞ்சின் எனப்படும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில் ஒன்றான யூனிட்டி 2023 செப்டம்பரில், வருமானமும் நிறுவல் எண்ணிக்கையும் வரம்பைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு நிறுவலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு விதிகளைத் தளர்த்தி, அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதற்குள் சிலர் கோடோ போன்ற திறந்த மூல (நிரலை யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம்) எஞ்சின்களுக்கு மாறிவிட்டார்கள். அடிப்படை தெரிந்தவர்களுக்கு அப்படி மாறுவது எளிது. விளையாட்டில் எதிரி நம் பக்கம் திரும்பியிருக்கிறானா என்று கண்டுபிடிக்க அவன் முகம் திரும்பியிருக்கும் திசைக்கும் நாம் இருக்கும் திசைக்கும் புள்ளிப் பெருக்கல் போட்டால் போதும், எந்த எஞ்சினாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பள்ளியில் படித்த வெக்டரும் முக்கோணவியலும் இங்கே தினமும் வேண்டியிருக்கிறது என்பதை எத்தனை விளம்பரங்கள் சொல்கின்றன?

சரி, அப்படியானால் கட்டணம் எதற்கு? பிளெண்டர் 2002இலிருந்து திறந்த மூல மென்பொருள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாத்வியா நாட்டுப் படமான 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. பாடங்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆகவே ஒரு மாணவர் பணம் கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கை இங்கே தாமதமாக வருகிறது, மறுபடி செய் என்று வாரா வாரம் திருத்துவது. அது இல்லாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கணினி இருந்தாலும் பயனில்லை.

அப்புறம், முடிப்பது. பாதியில் நின்றுபோன பிரம்மாண்டமான விளையாட்டைவிட, தொடக்கம் முதல் கடைசி வரை ஓடுகிற மூன்று நிமிட விளையாட்டுக்கு எங்களிடம் மதிப்பு அதிகம். 2009இலிருந்து நடக்கும் குளோபல் கேம் ஜாமில் சில நாளுக்குள் ஒரு குழு ஒரு சிறு விளையாட்டைச் செய்து கொடுத்தாக வேண்டும். அந்தச் சில நாளில், அடுத்தவர் திறந்தாலும் புரிகிற மாதிரி கோப்புக்குப் பெயர் வைப்பது, கிட் (Git) என்ற, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவியை வைத்துப் பழைய பதிப்புக்குத் திரும்புவது, ஆசைப்பட்டுச் சேர்த்ததை நேரம் போதாமல் வெட்டுவது எல்லாம் கைக்கு வந்துவிடும். பிறகு அதை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை விளக்காமல், அவர் எங்கே திணறுகிறார் என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் பாடத்திட்டத்திலேயே வைக்கலாம், பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

வேலை உறுதி என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் உலகம் முழுக்கக் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. 2013இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதத்தில்தான் திவால் மனு கொடுத்திருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கிறது. பல வேலைகள் ஒரு படத்துக்கு, ஒரு ஒப்பந்தத்துக்கு என்றுதான் கிடைக்கின்றன, அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் மாணவருக்குச் சொல்லித் தர வேண்டும். இந்தத் துறையை விரும்பி வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வரட்டும்.

உங்கள் கல்விப் பக்கத்தில் படிப்புகளின் பட்டியல் போடும்போது சில விவரங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். சென்ற ஆண்டு படித்து முடித்தவர்களின் ரீலும் விளையாட்டும் எங்கே பார்க்கக் கிடைக்கும் (மிகச் சிறந்த ஒருவருடையது மட்டும் போதாது), பாடம் நடத்துபவர் கடைசியாக எந்தப் படத்தில் அல்லது விளையாட்டில் வேலை செய்தார், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், ஒவ்வொருவரின் வேலையையும் வாரத்தில் எத்தனை மணி நேரம் பார்க்கிறார். பதில் தர மறுக்கும் நிலையத்தின் பெயருக்கு எதிரே அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அனிமேஷன் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்